பாதி வாக்கியத்தோடு வகுப்பை முடிக்காதீர்கள்

இடதுசாரிக் கட்சிகள், தொழிற்சங்கங்கள், மாணவர் அமைப்புகள் நடத்தும் அரசியல் வகுப்புகளின் பாடக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களே,

வணக்கம். உங்கள் பாடத்திட்டத்தில் ‘ஏகாதிபத்தியமும் தேசிய இனப் பிரச்சினையும்’ என்று வரும் ஒரே ஒரு பாடத்தை மாற்றச் சொல்லிக் கேட்கவே இந்த மடல்.

பரவலாக நடக்கும் முறை இதுதான். முற்பகலில் லெனின் சொன்ன ஐந்து அம்சங்கள் பலகையில் ஏறும்: ஏகபோகம், நிதி மூலதனம், மூலதன ஏற்றுமதி, உலகச் சந்தையைப் பங்கிடும் முதலாளிக் கூட்டுகள், வல்லரசுகள் நிலப்பரப்பைப் பங்கிட்டு முடித்தது. பிற்பகலில், ஒரு தேசம் பிரிந்துபோவது உட்படத் தன் அரசியலைத் தானே முடிவு செய்யும் சுயநிர்ணய உரிமைக்கு ஒரு மணி நேரம். உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான மூன்றாம் அகிலத்தில், காலனி விடுதலை இயக்கங்கள் பற்றி லெனினும் இந்தியக் கம்யூனிஸ்ட் எம்.என். ராயும் நடத்திய விவாதம் அதற்குள் பத்து நிமிடத்தில் வந்து போகும். மாணவர்கள் ஐந்தையும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆனால் உக்ரைன், பாலஸ்தீனம், ஈழம் என்று நடப்புக் கேள்வி வந்துவிட்டால், அமெரிக்கா எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். படித்த பாடம் அந்த இடத்தில் கைகொடுக்கவில்லை.

இந்தப் பாடத்தின் மூல ஆவணங்கள் ஏறக்குறைய எல்லாமே இரண்டு பாதிகளாக எழுதப்பட்டவை. ஆதரவு கொடு, ஆனால் கலந்துவிடாதே. பிரியும் உரிமை உண்டு, பிரிந்தே ஆகவேண்டும் என்பதில்லை. வகுப்பில் ஒரு பாதிதான் சொல்லப்படுகிறது. எந்தப் பாதி என்பதை அந்தந்தக் காலத்துக் கூட்டணி முடிவு செய்துவிடுகிறது. இந்த விஷயத்தில் இடதுசாரிகள் தடுமாறிய இடங்களைத் தோண்டிப் பார்த்தால், சொல்லாமல் விட்ட மறுபாதிதான் பெரும்பாலும் அடியில் கிடக்கிறது. எனவே மேற்கோள்களைக் கொடுப்பதை விட்டுவிட்டு, விவாதங்களை ஆவணத்தோடும் தேதியோடும் வாக்கு எண்ணிக்கையோடும் வையுங்கள் என்கிறோம்.

முதலில் அந்த ஐந்து அம்சங்கள். அவை வரும் ‘ஏகாதிபத்தியம்: முதலாளித்துவத்தின் உச்சக் கட்டம்’ என்ற நூலை லெனின் 1916-இன் முதல் பாதியில் சூரிச் நகரில் எழுதினார். அதன் ஆறாவது அத்தியாயத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. 1914-இல் யாரிடம் எவ்வளவு காலனி நிலம்: பிரிட்டன் 3.35 கோடி சதுர கிலோமீட்டர், ரஷ்யா 1.74 கோடி, பிரான்சு 1.06 கோடி, ஜெர்மனி 29 லட்சம், அமெரிக்காவும் ஜப்பானும் தலா 3 லட்சம். இந்த ஆறு வரிகளையும் மாணவர் கையால் எழுதிப் பார்க்க வேண்டும். எழுதும்போது கண்ணில் படுவது இரண்டு. ஒன்று, பிரிட்டனுக்கு அடுத்த இடத்தில் இருப்பது ரஷ்யா. கடல் தாண்டிப் போகாமல், தரைவழியாகவே பரவிப் பிடித்த காலனிகள் அவை. மற்றொன்று, அமெரிக்காவின் வரி கடைசியில் கிடக்கிறது. வரிசை மாறக்கூடியது. ஏகாதிபத்தியம் ஓர் உறவின் பெயர். அதை ஒரு நாட்டின் பெயராக எழுதிக்கொண்டால், வரிசை மாறும் அன்று பாடமும் பயனற்றுப் போகும்.

அதே நூலுக்கு 1917 ஏப்ரலில் எழுதிய முன்னுரையைப் பல வகுப்புகள் தாண்டிவிடுகின்றன. ஜார் அரசின் தணிக்கைக்குத் தப்ப வேண்டியிருந்ததால், நாடுபிடித்தலுக்கு எடுத்துக்காட்டாக ஜப்பானைச் சொல்ல நேர்ந்தது என்கிறார் லெனின். கவனமுள்ள வாசகர் ஜப்பான் என்ற இடத்தில் ரஷ்யாவையும், கொரியா என்ற இடத்தில் பின்லாந்து, போலந்து, கூர்லாந்து, உக்ரைன், கீவா, புகாரா, எஸ்தோனியா ஆகியவற்றையும் வைத்துக்கொள்வார் என்றும் எழுதுகிறார். பெயரை மாற்றி வைத்துப் படிக்கும்படி நூலாசிரியரே சொல்லிக்கொடுத்த பயிற்சி இது. 2022 பிப்ரவரி 21 அன்று உக்ரைன் பற்றிய உரையில் ரஷ்ய அதிபர் புதின் குறைசொன்னதும் இதே லெனினைத்தான்: பிரிந்துபோகும் உரிமையைக் குடியரசுகளுக்குக் கொடுத்து ரஷ்யாவைக் கெடுத்தார் என்பது குற்றச்சாட்டு. மூன்றாம் நாள் படை நுழைந்தது. முன்னுரையையும் அந்த உரையையும் ஒரே அமர்வில் அடுத்தடுத்துப் படிக்கக் கொடுங்கள்.

இந்த இடத்தில் வழக்கமாக வரும் எதிர்வாதம், நேட்டோ விரிவாக்கம். அந்த விமர்சனம் தன் காலிலேயே நிற்கும். அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் பெரிய வல்லரசை ஒரு சின்ன வல்லரசு எதிர்ப்பதால் சின்னது விடுதலைச் சக்தி ஆகிவிடாது. 1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி போர்க் கடனுக்கு ஆதரவாக வாக்களித்தபோது சொன்ன காரணம் ஜாராட்சியின் அபாயம். அபாயம் பொய்யில்லை. அட்டவணைப்படி ஜெர்மனியின் காலனி பிரிட்டனுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதும் உண்மை. இரண்டு உண்மையும் சேர்ந்து அந்த வாக்கை நியாயமாக்கவில்லை. டிசம்பர் 2 அன்று அடுத்த கடன் வந்தபோது கார்ல் லீப்க்னெஷ்ட் ஒருவர்தான் எதிர்த்து வாக்களித்தார். முதல் எதிரி நம் நாட்டிலேயே இருக்கிறான் என்பது அவருடைய 1915-ஆம் ஆண்டுத் துண்டறிக்கையின் சாரம். வல்லரசுச் சண்டையில் பக்கம் பிடிக்கும் முன் மாணவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதில் இருக்கிறது.

இரண்டாவது, சுயநிர்ணய உரிமை. இதை லெனினிடமிருந்து தொடங்கினால், அதை எதிர்த்த போலந்து மார்க்சியர் ரோசா லுக்சம்பர்க் வெறும் பிழையாகத் தெரிவார். அவரிடமிருந்து தொடங்குங்கள். போலந்தின் தொழில் வளர்ச்சியை ஆராய்ந்து சூரிச்சில் முனைவர் பட்டம் வாங்கியவர். போலந்தின் ஆலைகள் ரஷ்யச் சந்தையை நம்பி வளர்ந்தவை, தனிநாடு அந்தத் தொழிலாளியை முதலாளியிடமிருந்து விடுவிக்காது என்பது அவருடைய வாதம். தேசம் என்பது ஒரே விருப்பமுள்ள ஒற்றை உடல் இல்லை, அதற்குள் வர்க்கங்கள் இருக்கின்றன என்பதும் அவர் சொன்னதே. இதை எந்த மார்க்சியரும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

லெனினின் பதிலில் மையமான விஷயம், யார் வாயிலிருந்து வருகிறது என்பது. ‘சேர்ந்திருப்போம்’ என்று போலந்துத் தொழிலாளி சொன்னால் அது சர்வதேசியம். அதையே ரஷ்யத் தொழிலாளி சொன்னால் ஜாரின் குரலோடு சேர்ந்துவிடும். அவர் சொல்ல வேண்டியது ‘பிரிய உங்களுக்கு உரிமை உண்டு’ என்பது. ஒடுக்கும் தேசத்தில் ஒன்று, ஒடுக்கப்படும் தேசத்தில் வேறொன்று. இதற்கு அவர் காட்டிய நடப்பு எடுத்துக்காட்டு நார்வே. 1905 ஆகஸ்ட் 13 வாக்கெடுப்பில் ஸ்வீடனிடமிருந்து பிரிவதற்கு ஆதரவாக 3,68,208 பேர், எதிராக 184 பேர். வாக்குரிமை இல்லாத பெண்கள் தனியாகக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். ஸ்வீடன் நாட்டுத் தொழிலாளர்கள் தங்கள் ஆளும் வர்க்கத்தின் போர்க்கூச்சலுக்குத் துணைபோகவில்லை. பிரிந்த பிறகு இரு நாட்டுத் தொழிலாளர்களின் உறவு நெருக்கமானது என்பதுதான் லெனின் அழுத்திச் சொன்னது.

1916 ஈஸ்டர் வாரத்தில் அயர்லாந்தின் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. மே 9 அன்று பெர்ன் நகரத்து இடதுசாரிப் பத்திரிகையில் கார்ல் ராடெக் எழுதிய கட்டுரை அதை நகர்ப்புறக் குட்டி முதலாளிகளின் சதிக் கிளர்ச்சி என்று தள்ளியது. அவர்களின் பாட்டு முடிந்தது என்பதே தலைப்பு. மூன்று நாள் கழித்து, மே 12 அன்று, தொழிற்சங்கத் தலைவரும் மார்க்சியருமான ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டுக் கொன்றார்கள். காயத்தால் அவரால் நிற்க முடியவில்லை. கலப்பில்லாத சமூகப் புரட்சிக்காகக் காத்திருப்பவர் அதை ஒருநாளும் காணமாட்டார் என்று லெனின் எழுதியது ராடெக்குக்குச் சொன்ன பதிலில்தான். இந்த வரியைச் சுவரொட்டியில் போடுகிறோம். எந்தத் தோழருக்கு எதிராக எழுதப்பட்டது, எத்தனை நாள் இடைவெளியில் என்பதை வகுப்பில் சொல்வதில்லை. சொன்னால்தான் அந்த வரி எரியும்.

பிரியும் உரிமை உண்டு, பிரிந்தே ஆகவேண்டும் என்பதில்லை என்ற வாக்கியத்தின் இரண்டாம் பாதிக்கு என்ன நேர்ந்தது என்று இப்போது பார்ப்போம். பிரிந்துபோகும் உரிமையை விளக்க லெனின் மணவிலக்கை உவமை காட்டினார்: மணவிலக்கு உரிமையை ஆதரிப்பதால் எல்லாக் குடும்பங்களையும் பிரியச் சொன்னதாக ஆகாது. 1937 டிசம்பரில் ஆர்ல் நகரில் நடந்த பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டில் மோரிஸ் தோரஸ் இதே உவமையை எடுத்தார். மணவிலக்கு உரிமை என்றால் விலகியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பாசிசத்தை முறியடிப்பதே இன்று முக்கியம், எனவே காலனி மக்களின் நலன் பிரான்சு மக்களோடு சேர்ந்திருப்பதில்தான் என்றார். சொற்கள் லெனினுடையவை, வாய் மாறிவிட்டது. ரஷ்யத் தொழிலாளி சொல்லக்கூடாது என்று லெனின் சொன்ன பாதியைப் பிரெஞ்சுக் கட்சியின் பொதுச் செயலாளர் சொன்னார். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான், கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு நின்ற மக்கள் முன்னணி அரசு அல்ஜீரிய விடுதலை கோரிய ‘வட ஆப்பிரிக்க நட்சத்திரம்’ அமைப்பைக் கலைத்திருந்தது. 1926-இல் அந்த அமைப்பு பாரிசில் பிறந்தபோது கூடவே நின்றவர்கள் கம்யூனிஸ்டுகள். 1939-இல் அல்ஜியர்ஸ் போன தோரஸ், அல்ஜீரியாவை உருவாகிக்கொண்டிருக்கும் தேசம் என்று விவரித்தார். உருவாகி முடிந்ததா என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் பாரிசிலேயே இருந்துவிட்டது.

1945 மே 8 அன்று, ஐரோப்பா வெற்றியைக் கொண்டாடிய நாளில், செத்தீஃப் நகரில் அல்ஜீரியக் கொடி பிடித்த ஊர்வலத்தின் மீது காவல்துறை சுட்டது. பிறகு நடந்த கலவரத்தில் ஐரோப்பியர் நூற்றுச் சொச்சம் பேர் இறந்தனர். அதற்குப் பழிவாங்கக் கொல்லப்பட்ட அல்ஜீரியர்கள் பல ஆயிரம். பிரெஞ்சுக் கட்சி அப்போது அமைச்சரவையில் இருந்தது. அதன் நாளேடு, கிளர்ச்சியில் பங்கெடுத்தவர்களை ஹிட்லரின் ஆட்கள் என்று எழுதித் தண்டிக்கக் கோரியது.

1956 மார்ச் 12-ஐ நிறுத்தி நிதானமாக நடத்துங்கள். அல்ஜீரியாவில் அரசுக்குச் சிறப்பு அதிகாரம் கொடுக்கும் சட்டம். ஆதரவு 455, எதிர்ப்பு 76. ஆதரித்தவர்களில் கம்யூனிஸ்ட் உறுப்பினர்களும் இருந்தார்கள். இதை வெறும் துரோகம் என்று ஒரே சொல்லில் முடித்தால் மாணவர் ஒன்றும் கற்கமாட்டார். தனக்கு அப்படி நேராது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். எனவே இப்படிச் செய்யுங்கள்.

20 பேர் என்றால் நால்வராக ஐந்து குழு. முதல் தாளில் அன்றைக்குத் தெரிந்தது மட்டும்: பிரதமர் கீ மொலே சோஷலிஸ்ட். இரண்டு மாதத்துக்கு முன் அமைதி கொண்டுவருவோம் என்று சொல்லித் தேர்தலில் வந்த அணி. பிப்ரவரி 6 அன்று அல்ஜியர்ஸ் போனபோது வலதுசாரிக் குடியேறிகள் தக்காளி வீசி விரட்டினார்கள். மசோதாவில் பொருளாதார, சமூகச் சீர்திருத்தங்களும் இருக்கின்றன. எதிர்த்து வாக்களித்தால் சோஷலிஸ்டுகளோடு ஒற்றுமை முறியும், அரசு வலதுசாரிகளின் கைக்குப் போகலாம். அல்ஜீரியக் கம்யூனிஸ்ட் கட்சி 1955 செப்டம்பரிலிருந்து தடையில் இருக்கிறது. பதினைந்து நிமிடம் பேசவிட்டு, சீட்டில் எழுதி வாக்களிக்கச் சொல்லுங்கள். கை தூக்கச் சொல்லாதீர்கள். பொறுப்பில் இருப்பவரின் கையைப் பார்த்து மற்றக் கைகள் எழும். பலர் ஆதரவாகவே எழுதக்கூடும். அதைத் தடுக்கவோ முகம் சுளிக்கவோ வேண்டாம்.

அதன் பிறகு இரண்டாம் தாள். அந்த ஆண்டிலேயே பிரெஞ்சுப் படை சுமார் 4 லட்சமாகப் பெருகியது. 1957 ஜனவரியில் அல்ஜியர்ஸ் நகரின் காவல் அதிகாரம் பாராசூட் படையிடம் போனது. சித்திரவதை அன்றாட முறையானது. பிப்ரவரி 11 அன்று ஃபெர்னான் இவ்தோன் என்ற கம்யூனிஸ்ட் தொழிலாளி கில்லட்டினில் கொல்லப்பட்டார். அவர் வைத்த குண்டு வெடிக்கவில்லை, யாரும் சாகவில்லை. ஜூனில் கணித ஆசிரியர் மோரிஸ் ஒதான் கைதாகித் திரும்பவே இல்லை. இன்னொரு பெயரையும் சேருங்கள்: ஆன்ரி மாய்யோ, அல்ஜீரியாவில் பிறந்த ஐரோப்பியர், கம்யூனிஸ்ட், ராணுவத்தில் இருந்தவர். பாரிசில் வாக்கு விழுந்து 23 நாளில், ஏப்ரல் 4 அன்று, ஒரு லாரி ஆயுதத்தோடு படையிலிருந்து வெளியேறிப் போராளிகளிடம் போனார். ஜூன் 5 அன்று கொல்லப்பட்டார். ஒரே கொள்கை, ஒரே மாதக் கணக்கு. பாரிசில் உட்கார்ந்தவர்கள் ஒன்று செய்தார்கள், அல்ஜீரியாவில் இருந்தவர் வேறொன்று செய்தார்.

மூன்றாவதாக, மூன்றாம் அகிலத்தில் சேர 1920-இல் விதித்த 21 நிபந்தனைகளில் எட்டாவதைப் படிக்கக் கொடுங்கள். காலனி வைத்திருக்கும் நாட்டின் கட்சி, தன் நாட்டு ஏகாதிபத்தியத்தை அம்பலப்படுத்த வேண்டும். விடுதலை இயக்கத்தைச் சொல்லில் அல்ல, செயலில் ஆதரிக்க வேண்டும். தன் நாட்டு ஏகாதிபத்தியவாதிகளைக் காலனியிலிருந்து வெளியேற்றக் கோர வேண்டும். காலனி மக்களை ஒடுக்குவதற்கு எதிராகப் படையினரிடையே பிரச்சாரம் செய்ய வேண்டும். சட்டத்துக்கு ஆதரவாக வாக்களிப்பதை இதில் எந்தச் சொல் தடுத்திருக்கும் என்று குழுக்கள் அடிக்கோடிட்டுக் காட்டட்டும். 1956 அக்டோபரில் மார்த்தினீக் தீவின் கவிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான எமே செசேர் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு விலகித் தோரசுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் மார்க்சியத்துக்குச் சேவகம் செய்ய வேண்டியதில்லை, மார்க்சியம் அவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்று கேட்ட கடிதம் அது. வகுப்பில் இதைக் கடைசியில் வையுங்கள். முன்னாலேயே கொடுத்தால் வாக்கெடுப்பின் விடை தெரிந்துவிடும்.

அல்ஜீரியா எங்கோ இருக்கிறது என்று நினைக்கும் மாணவருக்குக் கொழும்பைச் சொல்லுங்கள். 1956-இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று எச்சரித்தவர் இலங்கையின் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. 1972 மே 22 அன்று நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பை முன்னின்று ஆக்கிய அமைச்சரும் அவரே. பிரிட்டிஷ் முடியோடு இருந்த கடைசி இழையை அது அறுத்தது. அந்தப் பாதி மெய்யான காலனி எதிர்ப்பு. அதே ஆவணம் சிங்களத்தை அரசியலமைப்பிலேயே ஆட்சிமொழி ஆக்கியது, பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்தது, சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29-ஆம் பிரிவைக் கைவிட்டது. அந்தக் கட்சி 1964-இல் கூட்டணி அரசில் ஏறியதிலிருந்து நடந்ததை ஆண்டுவாரியாகப் பலகையில் எழுதினால், எந்த ஆண்டில் எந்தச் சொல் காணாமல் போனது என்று மாணவரே சொல்வார்.

லெனின்–ராய் விவாதத்துக்கு வருவோம். பத்து நிமிடத்தில் நடத்தும்போது இது இருவரின் மல்யுத்தம் ஆகிவிடுகிறது: லெனின் தேசிய முதலாளிகளை ஆதரிக்கச் சொன்னார், ராய் வேண்டாம் என்றார், லெனின் வென்றார். ஆவணம் சொல்வது வேறு. 1920 ஜூலை–ஆகஸ்டில் மூன்றாம் அகிலத்தின் இரண்டாம் காங்கிரஸ். லெனினின் முதல் வரைவு, காலனிகளில் ‘முதலாளித்துவ ஜனநாயக’ விடுதலை இயக்கங்களை ஆதரிக்கச் சொன்னது. குழு விவாதத்துக்குப் பின் அந்த இடத்தில் ‘தேசியப் புரட்சிகர’ என்ற சொல் வந்தது. ஜூலை 26 அன்று லெனினே காரணம் சொன்னார்: பல இடங்களில், பெரும்பாலும் என்றுகூடச் சொல்லலாம், ஒடுக்கப்பட்ட நாட்டு முதலாளிகள் தேசிய இயக்கத்தை ஆதரித்துக்கொண்டே ஏகாதிபத்திய முதலாளிகளோடு உடன்பட்டுப் போகிறார்கள், எனவே மெய்யாகவே புரட்சிகரமான இயக்கத்தை, அதுவும் விவசாயிகளையும் சுரண்டப்படுவோரையும் நாம் அமைப்பாக்குவதற்குக் குறுக்கே நிற்காத இயக்கத்தை மட்டும் ஆதரிப்போம். இந்தத் திருத்தம் ராயின் வாதத்தின் தடம். ஐரோப்பியப் புரட்சியே கிழக்கை நம்பி இருக்கிறது என்று ராய் போன தூரத்துக்கு லெனின் போகவில்லை; ராயின் வரைவிலும் வெட்டு விழுந்தது. திருத்திய இரண்டு ஆவணங்களையும் காங்கிரஸ் ஏற்றது.

காந்தி புரட்சிக்காரரா என்பதில்தான் இருவரும் முரண்பட்டார்கள் என்ற கதை ராய் பல பத்தாண்டுகளுக்குப் பின் எழுதிய நினைவுக் குறிப்பிலிருந்து வருவது. அகிலக் காங்கிரசின் நடவடிக்கைக் குறிப்பு போல அதை ஒப்பிக்கக் கூடாது. 1922-இல் சௌரி சௌராவுக்குப் பின் இந்திய தேசிய காங்கிரசின் பர்தோலித் தீர்மானம் ஒத்துழையாமையை நிறுத்தியதோடு, விவசாயிகள் குத்தகை கொடுக்க வேண்டும், ஜமீன்தார்களின் சட்ட உரிமையில் கைவைக்கும் எண்ணம் இல்லை என்றும் சொன்னது. அந்த ஓராண்டு இயக்கத்தின் வீச்சு லெனின் சொன்னதற்குச் சான்று, அது நின்ற விதம் ராய் சொன்னதற்குச் சான்று. சென்னையில் சிங்காரவேலர் 1923 மே தினத்தன்று லேபர் கிசான் கட்சியைத் தொடங்கியபோது இந்திய தேசிய காங்கிரசிலிருந்து வெளியேறவில்லை. தொழிலாளிக்குத் தனி அமைப்பும் வேண்டும், பொது இயக்கத்தில் இடமும் வேண்டும் என்ற இரட்டை நிலை அது. நம் ஊர் மாணவருக்கு, லெனினின் அந்த 1920 வரைவில் வரும் 11-ஆம் ஆய்வுரையைப் புரியவைக்க இதைவிடக் கிட்டத்து உதாரணம் இல்லை.

அந்த 11-ஆம் ஆய்வுரையின் நடைமுறைச் சாரம்: தற்காலிகக் கூட்டு வைத்துக்கொள், கலந்துவிடாதே, கரு நிலையில் இருந்தாலும் தொழிலாளர் இயக்கத்தின் தனித்தன்மையைக் காப்பாற்று. இதன் இரண்டாம் பாதி எத்தனை நாள் தாங்கியது? 1921 ஜனவரி 28 இரவு துருக்கிக் கம்யூனிஸ்ட் தலைவர் முஸ்தஃபா சுப்ஹியும் 14 தோழர்களும் டிராப்ஸோன் அருகே கருங்கடலில் கொல்லப்பட்டார்கள். ஏழு வாரத்துக்குள், மார்ச் 16 அன்று, மாஸ்கோ அங்காரா அரசோடு நட்பு உடன்படிக்கை செய்துகொண்டது. அதே நாளில் பிரிட்டனோடு வணிக ஒப்பந்தமும் கையெழுத்தானது; ஆசியாவில், குறிப்பாக இந்தியாவிலும் ஆப்கானிஸ்தானிலும், பிரிட்டிஷ் நலனுக்கு எதிரான பிரச்சாரத்தைத் தவிர்ப்பதாக அதில் உறுதி இருந்தது. தாஷ்கண்டில் இந்தியர்களுக்காக நடந்த ராணுவப் பள்ளியும் அந்த ஆண்டிலேயே மூடப்பட்டது. முற்றுகைக்கும் பஞ்சத்துக்கும் நடுவே இருந்த அரசு அது. உயிர்பிழைக்க ஒப்பந்தம் தேவைப்பட்டது என்பதை மறைக்க வேண்டாம். ஓர் அரசின் தேவையும் ஓர் இயக்கத்தின் தேவையும் வேறு வேறு என்பதை மாணவர் இங்கே நேருக்கு நேர் பார்க்க வேண்டும். சீனாவில் விலை இன்னும் பெரிது. 1927 மார்ச் 21 அன்று ஷாங்காய் தொழிலாளர்கள் நகரைப் பிடித்து, கம்யூனிஸ்டுகளோடு கூட்டில் இருந்த தேசியக் கட்சியான கோமின்டாங்கின் படைக்குக் கதவைத் திறந்தார்கள். ஏப்ரல் 12 அன்று அந்தப் படையே அவர்களைக் கொன்றது. அல்ஜீரியாவிலும் 1956-இல் கம்யூனிஸ்டுகள் தனித்தனி ஆளாக விடுதலை முன்னணியின் படையில் சேர்ந்தார்கள். 1962 ஜூலையில் விடுதலை, நவம்பரில் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை. இவ்தோனும் மாய்யோவும் உயிர் கொடுத்தது சரியே. அந்த முன்னணி 1957-இல் மெலூசாவில் ஊர்க்காரர்களைக் கொன்றதையும் அதே வகுப்பில் சொல்ல வேண்டும்.

பாக்கூ மாநாட்டை விட்டுவிடாதீர்கள். 1920 செப்டம்பரில் கிழக்கத்திய மக்களின் பேராளர்கள் கூடிய இடம். துர்க்கிஸ்தானிலிருந்து வந்த நர்புத்தாபெகோவ், கட்சி சாராதவர், மேடையில் ஏறி, கம்யூனிசத்தின் முகமூடிக்குப் பின்னால் வேலை செய்யும் உங்கள் காலனியவாதிகளை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். ரஷ்யர்களே நிறைந்த தாஷ்கண்ட் சோவியத் 1918 பிப்ரவரியில் கோகந்து நகரின் தன்னாட்சி அரசை நசுக்கியிருந்தது. அந்த வலியின் குரல் அது. 1922 டிசம்பர் 30, 31 தேதிகளில் படுக்கையிலிருந்தபடி லெனின் சொல்லி எழுதவைத்த குறிப்புகளை இதற்கு அடுத்துப் படியுங்கள்: ஒடுக்கும் தேசத்தின் தேசியவாதத்தையும் ஒடுக்கப்படும் தேசத்தின் தேசியவாதத்தையும் ஒன்றாக எடைபோடக் கூடாது என்று அவை சொல்கின்றன. சோவியத் நாட்டில் அவை அச்சானது 1956-இல்.

நடத்தும் முறைக்கு வருகிறோம். ஒரு நாள் போதாது. இரண்டு மணி நேரமாக மூன்று அமர்வு: அட்டவணையும் முன்னுரையும் ஒன்று, மணவிலக்கு உவமையும் மார்ச் 12 வாக்கெடுப்பும் ஒன்று, 11-ஆம் ஆய்வுரை ஒன்று. நடத்துநரின் பேச்சு ஒவ்வொன்றிலும் 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மிச்சம் படிப்பதற்கும் சண்டை போடுவதற்கும். மூன்று இடங்களில் வகுப்பு வழக்கமாகச் சறுக்கும். முடிவு தெரிந்த பிறகு எல்லோரும் சரியாகச் சொல்வார்கள்; அதனால் தாள்களைத் தேதி வரிசையில் ஒவ்வொன்றாகத்தான் கொடுக்க வேண்டும். கட்சியின் இன்றைய நிலைப்பாடு என்ன என்று யாராவது கேட்பார். அதற்கு மூன்றாம் அமர்வின் கடைசி அரை மணி நேரம் இருக்கிறது, அதுவரை தள்ளிவையுங்கள். மூன்றாவது, மொழி. தமிழில் ‘தேசியவாதம்’ என்ற ஒரே சொல் ஹிட்லருக்கும் ஓடுகிறது, அல்ஜீரியாவுக்கும் ஓடுகிறது. பேரினவாதம், விடுதலைத் தேசியம் என்று பிரித்தே எழுதுங்கள். ‘ஆதரவு’, ‘தற்காலிகக் கூட்டு’, ‘கலந்துவிடுதல்’ மூன்றுக்கும் மூன்று சொல்லை முடிவு செய்து, எல்லாத் தாளிலும் அதையே பயன்படுத்துங்கள். மொழிபெயர்ப்பில் இவை கலைந்தால் 11-ஆம் ஆய்வுரையில் விவாதிக்க எதுவும் மிஞ்சாது.

கடைசி அரை மணி நேரத்தில் நடப்புப் பிரச்சினை ஒன்றை எடுத்து மூன்று கேள்வி கேட்டால் போதும். யார் யாரைச் சம்மதமில்லாமல் ஆளுகிறார்கள்? இதைப் பேசும் நாம் எந்தத் தேசத்தின் வாயால் பேசுகிறோம்? நாம் ஆதரிக்கும் அணியில் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் தனி அமைப்பு வைத்துக்கொள்ள இடம் இருக்கிறதா? காஷ்மீரை எடுத்தாலும் இதே மூன்றுதான். அங்கே இரண்டாவது கேள்வி நம் வாயைப் பற்றியது என்பதால் அதைத் தாண்டிப் போகவே கூடாது.

தேவையான பகுதிகளைத் தமிழாக்கி ஒரு சிறு தொகுப்பாக நீங்கள் அச்சிடலாம்: லெனினின் வரைவும் இறுதி வடிவமும் எதிரெதிர்ப் பக்கத்தில், ராயின் ஆய்வுரை, எட்டாவது நிபந்தனை, நர்புத்தாபெகோவின் பேச்சு, 1922 குறிப்புகள். மெய்ப்புப் பார்க்கவும் சொற்களை ஒப்பிட்டுச் சரிசெய்யவும் நாங்கள் வருகிறோம். முதல் பக்கத்தில் அந்த ஆறு வரி அட்டவணை இருக்கட்டும். இடம் போதவில்லை என்று ரஷ்யாவின் வரியை யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோழமையுடன்,
இந்தப் பாடத்தைப் படித்தும் நடத்தியும் வருகிற சிலர்